முட்டையிலிருந்து வந்த அப்பா

ரெஜிஸை அவன் பெற்ற மகள் மாமா என்றுதான் கூப்பிட்டாள். கூப்பிட்டதோடு விட்டாலும் பரவாயில்லை, கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்றுகொண்டு, அம்மாவின் சேலைத் தலைப்பை வாயில் கடித்துக்கொண்டு, "அந்த மாமா எப்போம்மா அவங்க வீட்டுக்குப் போவாங்க?" என்று கேட்டாள். நடுக்கடலில் புயலையும், இன்ஜின் ரூமில் தீப்பிடித்ததையும் பார்த்து அசராத மனுஷன், அதைக் கேட்டதும் குடித்துக்கொண்டிருந்த டீயை அப்படியே வைத்துவிட்டு மொட்டைமாடிக்கு ஏறிப்போய், ஒன்றுமில்லாத வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

மடவைத்துறையில் ஆம்பிளைகள் பாதிப்பேர் வள்ளத்தில் போவார்கள், மீதிப்பேர் கப்பலில் போவார்கள். வள்ளத்தில் போனவன் மறுநாள் மீனோடு வருவான். கப்பலில் போனவன், பிள்ளை தவழ்ந்து, நடந்து, பேசி, பள்ளிக்கூடத்துப் பையைத் தோளில் மாட்டிய பிறகு சாக்லேட்டோடு வருவான். ரெஜிஸ் கடைசியாகக் கப்பலேறியபோது ஜோவினா தொட்டிலில் கிடந்தாள். அப்புறம் ஊருக்கு வரலாம் என்று பெட்டி கட்டும்போதெல்லாம் ஏதாவது ஒன்று வந்து நிற்கும், ஒருதரம் துறைமுகத்தை அடைத்துவிட்டார்கள், ஒருதரம் கப்பல் கைமாறிவிட்டது, ஒருதரம் மாற்றுக்கு வரவேண்டிய ஆள் கல்யாணம் பண்ணிக்கொண்டான், இப்படியே போய் ஒருவழியாக இந்தத் தவக்காலக் கடைசியில்தான் வந்து இறங்கினான்.

ஜோவினாவுக்கு அப்பா இல்லாமல் இல்லை. இருந்தார், நன்றாகவே இருந்தார், அம்மாவின் போனுக்குள் இருந்தார். ஆரஞ்சு உடுப்பும் மஞ்சள் ஹெல்மெட்டும் கட்டை மீசையுமாக, போன் எத்தனை உயரமோ அத்தனை உயரத்துக்கு, தினமும் சாயங்காலம் செபமாலை முடிந்த கையோடு வருவார், "ஹலோ, கேக்குதா, ஹலோ" என்பார், "சாப்பிட்டியா, அம்மா எங்க, ஸ்கூலுக்குப் போனியா, நல்லாப் படிக்கணும்" என்பார், பேசிக்கொண்டிருக்கும்போதே வாயைத் திறந்தபடி அசையாமல் நின்றுவிடுவார், அப்புறம் போய்விடுவார். அந்த அப்பாவுக்கு அவள் தான் வரைந்த பூவைக் காட்டியிருக்கிறாள், முழங்கால் காயத்தைக் காட்டியிருக்கிறாள், தூங்கும்போது போனைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துத் துணியால் போர்த்தியிருக்கிறாள். இந்தப் பெரிய மாமா வந்த நாளிலிருந்து அந்த அப்பா வரவே இல்லை. இரண்டையும் இரண்டையும் கூட்டிப்பார்க்கத் தெரியாதா பிள்ளைக்கு?

ஒருநாள் சாயங்காலம் ரெஜிஸ் பொறுக்கமாட்டாமல் மாடியில் நின்று கீழே இருந்த மனைவி டெல்பினின் போனுக்கு வீடியோ கால் போட்டான். ஜோவினா பாய்ந்து எடுத்தாள்.

"அப்பா! ஏம்ப்பா இத்தன நாளா வரல? நம்ம வீட்டுக்கு ஒரு மாமா வந்துருக்காங்க. பெருசா இருக்காங்க. கட்டில் பூராவும் அவங்களே படுத்துக் கொறட்ட விடுதாங்க. நீங்க சொல்லிப் போகச் சொல்லுங்கப்பா."

"சரிம்மா," என்றான் ரெஜிஸ். "சொல்லுதேன்."

கீழே இறங்கி வந்தால் டெல்பின் சுவரில் சாய்ந்து சிரிக்கிறாள், கண்ணில் தண்ணீர் வருகிற மாதிரி. "பச்சப்புள்ள சொல்லுக்குப் போயி மொகத்தத் தூக்கி வச்சிருக்கியளே! ரெண்டு நாளுல ஒட்டிக்கிடும், விடுங்க," என்றாள். எந்த ரெண்டு நாள்? ஈஸ்டர் முடிந்து ஒரு வாரத்தில் கொச்சியில் கப்பலேற வேண்டும் என்று கம்பெனியிலிருந்து சொல்லியாகிவிட்டது. போவதற்குள், அந்தப் பிள்ளை தன் மூஞ்சியை நேரே பார்த்து ஒரே ஒருதரம் அப்பா என்று சொல்லக் கேட்டுவிட வேண்டும். ரெஜிஸுக்கு அந்த வருஷத்து ஈஸ்டருக்கு வேறு வேண்டுதல் எதுவும் இல்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் மெட்டில்டா டீச்சர் ஊருக்குள் ஒரு புது ஏற்பாட்டைக் கொண்டுவந்தாள். ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி எடுக்கிறவள், போனில் எதைப் பார்த்தாலும் அதைச் செய்து பார்க்காமல் தூக்கம் வராது அவளுக்கு. போன கிறிஸ்துமஸுக்கு ஐஸ்குச்சியில் மாட்டுத்தொழுவம் கட்டவைத்து, ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் ஐஸ் தின்று சளி பிடித்தது. இந்தத் தடவை குருத்தோலை ஞாயிறு பூசை முடிந்ததும் மைக்கைப் பிடித்தாள்: ஈஸ்டருக்கு முந்தின நாள், பெரிய சனிக்கிழமை, எல்லாக் குடும்பமும் பிள்ளைகளோடு கோயில் மண்டபத்துக்கு வரணும், காகிதத்தில் லீலிப்பூ பண்ணணும், மிச்சக் குருத்தோலையில் கிளி மடக்கணும், பஞ்சு ஒட்டி ஆட்டுக்குட்டி செய்யணும், முக்கியமாக முட்டைக்குப் பெயிண்ட் அடிக்கணும், அம்மா மட்டும் வந்தால் போதாது, அப்பாவும் வரணும்.

முட்டைக்கு மடவைத்துறையில் பஞ்சமா? தவக்காலம் முழுக்க ஒரு வீட்டிலும் முட்டை உடைக்க மாட்டார்கள், கோழிக்கு ஏது தவக்காலம், அது பாட்டுக்குப் போட்டுக்கொண்டே இருக்கும், ஆக ஈஸ்டர் நெருங்கும்போது அரிசிப்பானைக்குள் முட்டை, தவிட்டுக்குள் முட்டை, மாதா படத்துக்குக் கீழே சட்டியில் முட்டை என்று வீடு நிறைந்துபோயிருக்கும். எல்லோரும் வேகவைத்துக் கூடையில் கொண்டுவந்தார்கள். வள்ளத்துக்கு அடித்து மிச்சமிருந்த பெயிண்டை, நீலமும் சிவப்பும் மஞ்சளும் ஆரஞ்சும், டப்பா டப்பாவாகக் கொண்டுவந்து நடுவில் வைத்தார்கள். வலை பின்னுகிற கைகள், வடம் இழுக்கிற கைகள், மீன் அரிகிற கைகள் எல்லாம் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, இத்தனூண்டு முட்டையில் இத்தனூண்டு பூ வரைந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

ரெஜிஸ் விடவில்லை. மகள் மெச்சவேண்டும் என்று ஒரு முட்டையில் கப்பலே வரைந்தான், புகைக்கூண்டு, நங்கூரம், கொடி எல்லாம் வைத்து. நாலு வீட்டுப் பிள்ளைகள் வந்து வாய்பிளந்து பார்த்தன. ஜோவினா மட்டும் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் ஒரு கையால் முட்டையை மறைத்துக்கொண்டு, நாக்கைக் கடைவாயில் மடித்துக்கொண்டு, பிரஷை இறுக்கிப் பிடித்து எதையோ வரைந்துகொண்டிருந்தாள். மெட்டில்டா டீச்சர் எட்டிப்பார்த்தாள்.

"யாருட்டி இது, ஹெல்மெட்டெல்லாம் போட்டுக்கிட்டு?"

"எங்கப்பா."

ரெஜிஸுக்குக் குப்பென்று உடம்பெல்லாம் சூடேறியது. மெள்ள நகர்ந்து பக்கத்தில் போனான். ஆரஞ்சு உடுப்பு, மஞ்சள் ஹெல்மெட், கட்டை மீசை, சந்தேகமே இல்லை. "ஒங்கப்பா என்னய மாதிரியே இருக்காங்களேம்மா," என்றான், குழைந்துகொண்டு.

ஜோவினா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "இல்ல மாமா. எங்கப்பா இவ்ளோதான் இருப்பாங்க," என்று கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் விரித்து அளவு காட்டினாள்.

மண்டபமே சிரித்தது. ரெஜிஸும் சிரிக்கிற மாதிரி வாயைக் கோணினான்.

சாயங்காலம் பங்குச் சாமியார் வந்து முட்டைகளை மந்திரித்தார். மடவைத்துறையில் புதுசாக எது வந்தாலும், வள்ளமோ இன்ஜினோ மிக்ஸியோ, மந்திரிக்காமல் தொடமாட்டார்கள். முட்டைக்கு மட்டும் என்ன விதிவிலக்கு? தீர்த்தம் தாராளமாகத் தெளித்தார். அப்புறம்தான் ஒரு பிரச்சினை வந்தது, ஞாயிறு காலைவரைக்கும் முட்டையை எங்கே வைப்பது? மண்டபத்துக் கதவு சரியாக அடைக்காது, பூனை வரும், காக்கை வரும். டெல்பின்தான் சொன்னாள், "அந்தக் கல்லறைக்குள்ள வச்சா என்ன?"

கல்லறை என்றால் ஈஸ்டர் கல்லறை. வருஷாவருஷம் இளைஞர்கள் சாக்கைச் சிமெண்டுப் பாலில் முக்கிப் போர்த்தி, பீடத்துக்குப் பக்கத்தில் ஒரு குகை கட்டுவார்கள், வாசலுக்குச் சக்கரம் வைத்த ஒரு பாறை, உள்ளே உயிர்த்த ஆண்டவர் சுரூபம், கயிறும் கப்பியும். நல்ல பாதுகாப்பான இடம், பாறையைத் தள்ளிவிட்டால் எலிகூட நுழையாது. எல்லோரும் சரி என்றார்கள், சாமியாரும் சரி என்றார். அதற்குள் எதை வைத்தாலும் விடிந்ததும் என்ன ஆகும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை, அதுதான் வேடிக்கை.

விடியக்காலம் ஊர் முழுக்கக் கையில் மெழுகுதிரியோடு கோயிலில் நின்றது. சாமியார் வானவர் கீதத்தை எடுக்க, மணி முழங்க, வெளியே வெடி வெடிக்க, பாறை உருண்டது, கப்பி கிறீச்சிட்டது, புகைக்குள்ளிருந்து ஆண்டவர் வெள்ளிக்கொடியோடு எழுந்தார், எழுந்தவருக்குப் பின்னால் கல்லறைக்குள்ளே டிக் டிக் டிக் என்று சத்தம் கேட்டது. முதலில் ஒரு மஞ்சள் ஆட்டுக்குட்டி வந்தது, வரைந்த பையனுக்கு எண்ணத் தெரியாததால் ஆறு காலோடு. அப்புறம் ரெண்டு வாலுள்ள ஒரு மீன், தரையிலிருந்து ஒரு முழம் மேலே நீந்திக்கொண்டு. அப்புறம் ஒரு சிவப்பு பஸ், ஜன்னல் எல்லாம் ஒரே பக்கத்தில். அப்புறம் ஒரு சின்னச் சூரியன், சிரித்த வாயோடு. ரெஜிஸின் கப்பலும் புகை விட்டுக்கொண்டே வந்து, நேரே தீர்த்தத் தொட்டிக்குப் போய் நங்கூரம் போட்டது. சும்மா புள்ளி புள்ளியாக வைத்திருந்தவர்களின் முட்டையிலிருந்து புள்ளிகளே கொட்டின, ஆயிரக்கணக்கில், கோயில் தரையெல்லாம் உருண்டோடின.

யாரும் பாட்டை நிறுத்தவில்லை. பாதியில் நிறுத்துகிற பாட்டா அது? தவிர, செத்தவர் எழுந்து வருவதை வருஷாவருஷம் நின்று பார்த்துக் கும்பிட்டுவிட்டு இடியாப்பம் சாப்பிடப் போகிற ஊருக்கு, அவித்த முட்டையிலிருந்து ஆடு வருவது ஒரு பெரிய விஷயமும் இல்லை. "ஆறு காலு, பாலு கூடக் கறக்குமோ?" என்று மட்டும் ஒரு அம்மா பக்கத்திலிருந்தவளைக் கேட்டாள்.

எல்லோருக்கும் கடைசியில், முட்டையோட்டை முழங்கையால் தள்ளிக்கொண்டு, ஆரஞ்சு உடுப்பில் ஒரு ஆள் வெளியே வந்தான். ஹெல்மெட்டைச் சரிபண்ணினான். கையைக் கண்ணுக்கு மேல் வைத்துக் கூட்டத்தைப் பார்த்தான்.

"ஹலோ," என்றான். "கேக்குதா? ஹலோ?"

"கேக்குதுப்பா!" என்று கத்திக்கொண்டு ஜோவினா ஓடினாள். ரெஜிஸ் கையில் இருந்த மெழுகுதிரி சாய்ந்து மெழுகு விரலில் சொட்டியது, அவனுக்குச் சுடவே இல்லை.

அந்த வாரம் ஊர் தன்பாட்டுக்கு நடந்தது. சூரியனைப் பெற்ற வீட்டுக்காரர்கள் அதைக் கொடியில் மாட்டிக் கருவாடு காயப்போட்டார்கள், அக்கம்பக்கத்தாருக்கும் மத்தியானம்வரைக்கும் இரவல் கொடுத்தார்கள். சிவப்பு பஸ் தெருவில் வீட்டுக்கு வீடு நின்று கோழிக்குஞ்சுகளை ஏற்றிக்கொண்டு போனது. புள்ளிகள் அரிசிக்குள் போய்ப் புகுந்துகொண்டதால் பெண்கள் சுளகோடு உட்கார்ந்து கல்லும் நெல்லும் புள்ளியும் பொறுக்கினார்கள். ரெண்டு வால் மீனைக் குழம்பு வைக்கலாமா என்று ஒரு பேச்சு எழுந்தது, "மந்திரிச்ச மீனுலா," என்று சாமியார் தடுத்துவிட்டார்.

சின்ன அப்பாவிடம் எல்லோரும் மரியாதையாகவே நடந்துகொண்டார்கள். தெருவில் ஜோவினா அவரை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு போகும்போது, "வாங்க, நல்லா இருக்கியளா? கப்பல்லாம் எப்படிப் போவுது?" என்று குனிந்து விசாரித்தார்கள். அவர் எல்லோரிடமும், "சாப்பிட்டியா? அம்மா எங்க? ஸ்கூலுக்குப் போனியா?" என்றுதான் கேட்பார், பல்லுப்போன கிழவரையும் அப்படியேதான் கேட்பார். நடுவில் வாயைத் திறந்தபடி நின்றுவிடுவார். பேசிக்கொண்டிருந்தவர்கள் அவசரப்படாமல் காத்திருப்பார்கள், எல்லோர் வீட்டிலும் ஒருத்தர் அப்படி நிற்கிறவர் உண்டல்லவா. அவருக்கு ஞானஸ்நானம் கொடுக்கணுமா என்று மெட்டில்டா டீச்சர் போய்க் கேட்டதற்கு, "ரெஜிஸுக்குக் குடுத்தாச்சு, அவரும் ரெஜிஸ்தான, ஒரு ஆளுக்கு ரெண்டுதரம் ஊத்த முடியாது," என்று சாமியார் தீர்ப்புச் சொன்னார்.

ரெஜிஸுக்குத்தான் வயிறு எரிந்தது. சாப்பாட்டு நேரத்தில் டெல்பின் மூன்று தட்டும் ஒரு ஊறுகாய் மூடியும் வைப்பாள், மூடியில் ரெண்டு பருக்கையும் ஒரு சொட்டுக் குழம்பும். பிள்ளை அந்த மூடிக்குப் பக்கத்தில்தான் உட்காரும். ஒருநாள் மத்தியானம் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, ரெஜிஸ் போன் டப்பாவுக்குள் படுத்திருந்த சின்னவனைக் குனிந்து பார்த்து, "ஏல, யாருல நீ?" என்றான்.

"நான் ரெஜிஸ்."

"அப்போ நான் யாருல?"

சின்னவன் வாயைத் திறந்தான். திறந்தபடியே நின்றுவிட்டான். ரெஜிஸ் வெகுநேரம் காத்திருந்துவிட்டு எழுந்து போனான்.

அடுக்களையில் டெல்பினிடம் போய்க் கொட்டினான். "நாலு வார்த்த தெரியுது அவனுக்கு. நாலே நாலு வார்த்த. அதச் சொன்னவனப் போயி அப்பாங்குது!"

டெல்பின் தேங்காய் துருவிக்கொண்டே, சிரிக்காமல் சொன்னாள். "அந்த நாலு வார்த்தயோடதாங்க நானும் இத்தன வருசமா குடும்பம் நடத்துனேன்."

ரெஜிஸ் தேங்காய்மூடியை வாங்கி அவனே துருவினான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு கடற்கரையில் மெட்டில்டா டீச்சரின் இன்னொரு ஏற்பாடு, முட்டை தேடுகிற விளையாட்டு. இந்தத் தடவை முட்டைகளுக்குச் சும்மா கலர் மட்டும் அடிக்கணும், யாரும் எதையும் வரையக்கூடாது என்று சாமியார் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். வள்ளங்களுக்கு அடியில், வலைக் குவியலுக்குள், மணலுக்குள் எல்லாம் பெரியவர்கள் ஒளித்துவைக்க, பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டு தேடின. மறுநாள் ரெஜிஸ் புறப்படவேண்டும். அவன் ஒரு வள்ளத்தில் சாய்ந்து நின்று, மகள் ஓடுவதையே பார்த்துக்கொண்டிருந்தான். சிவப்பு முட்டை ஒன்று வள்ளத்தின் முன்னால் நீட்டியிருந்த கொம்பில் இருந்தது, அவளுக்கு எட்டவில்லை. "அப்பா, தோள்ல தூக்குங்கப்பா," என்றாள் கையிலிருந்தவரிடம். சின்னவர் தன் தோளைப் பார்த்துக்கொண்டார். "சிக்னல் இல்லம்மா," என்றார், மெதுவாக. அவள் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு அவரை வள்ளத்தின் விளிம்பில் வைத்துவிட்டு, முட்டைக்காக எக்கினாள்.

அந்த ஒரு நொடிதான். காக்கை ஒன்று வந்து, ஆரஞ்சுக் கலரைப் பார்த்ததோ என்னவோ, ஒரே கொத்தாகக் கொத்தித் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

"அப்பா!" என்று ஜோவினா அலறியது கடலுக்குள் கேட்டிருக்கும். காக்கை பறந்துபோய்க் கோயில் மணிக்கூண்டின் உச்சியில், சிலுவைக்குக் கீழே இருந்த தன் கூட்டில் உட்கார்ந்தது. ஊரே ஓடி வந்து அண்ணாந்து நின்றது. ஏணி எட்டாது, உள்படி மணியோடு நின்றுவிடும், அதற்கு மேலே வழுவழு சுவர்தான். ரெஜிஸ் யாரையும் பார்க்கவில்லை, கைலியை வரிந்து கட்டினான், இடிதாங்கிக் கம்பியைப் பிடித்தான், ஏறினான். கப்பலில் காற்றோடு சண்டை போட்டு ஏறிப் பழகிய கையும் காலும்தான், ஆனாலும் பாதிவழியில் அவனுக்கே தோன்றியது, யாருக்காகடா ஏறுகிறோம், உனக்கு எதிராளி அவன், காக்கை உனக்கு நல்லதுதானே பண்ணியிருக்கிறது என்று. கீழே பிள்ளை அழுதுகொண்டிருந்தது. அதனால் மேலும் ஏறினான்.

கூட்டில் கம்பித் துண்டுகளுக்கும் வலை நூலுக்கும் நடுவே சின்னவன் ஹெல்மெட் கோணலாக உட்கார்ந்திருந்தான். ரெஜிஸைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"இங்க சிக்னல் ரொம்ப நல்லா இருக்கு," என்றான்.

அப்புறம் அவன் தடங்கலில்லாமல் பேசினான், முதல்தடவையாக. "ராத்திரி பயந்துகிட்டு என்னையக் கட்டிப்பிடிக்க வருது. நசுங்கிருவேன்னு பாதியிலயே கைய எடுத்துருது. மொதுகுல அரிக்குதுங்குது, என் கையி எட்ட மாட்டேங்குது. அது கேக்குறது ஒண்ணுகூட என்னால ஆகல. எனக்குத் தூரத்துல இருக்கத்தான் தெரியும். பக்கத்துல இருக்கத் தெரியல."

"எனக்கும் தெரியலயே," என்றான் ரெஜிஸ், கம்பியைக் கட்டிப்பிடித்தபடி. உச்சிவெயிலில் ரெண்டு பேரும் ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ரெஜிஸுக்கு அவன்மேல் இருந்த கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை, பாவம்டா நீ என்று இருந்தது.

"அப்பா! பாத்து எறங்குங்கப்பா!" என்று கீழிருந்து குரல் வந்தது. அது எந்த அப்பாவுக்கு என்று ரெண்டு பேருக்குமே புரியவில்லை. ரெஜிஸ் சின்னவனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கினான்.

தரைக்கு வந்ததும் ஜோவினா பையிலிருந்தவரை வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்து, ஹெல்மெட்டை நேராக்கினாள். அப்புறம் ரெஜிஸின் உள்ளங்கையைப் பார்த்தாள். கம்பி உரசித் தோல் கிழிந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் வந்து, அந்தப் பெரிய கையைத் தன் ரெண்டு கையாலும் பிடித்து, அம்மா ஊதுகிற மாதிரியே உஃப், உஃப் என்று ஊதினாள். மாமா என்றும் சொல்லவில்லை, வேறெதுவும் சொல்லவில்லை. வள்ளத்துக் கொம்பில் சிவப்பு முட்டை அப்படியே இருப்பதை விரலால் காட்டினாள். ரெஜிஸ் அவளைத் தோளில் தூக்கி உட்காரவைத்துக்கொண்டு கடற்கரைக்கு நடந்தான், அவள் அவன் தலைமயிரைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள், முட்டையை எடுத்த பிறகும் இறங்கவில்லை.

மறுநாள் காலையில் கொச்சிக்குப் போகிற கார் வாசலில் வந்து நின்று ஹாரன் அடித்தது. பெட்டி தயாராக இருந்தது, டெல்பின் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு ஊறுகாய்ப் பாட்டிலைத் திணித்துக்கொண்டிருந்தாள். ஜோவினா பெட்டிக்குப் பக்கத்தில் குத்தவைத்து, தாடையில் கையூன்றி, பெரிய யோசனையில் இருந்தாள். அப்புறம் எழுந்துபோய் போன் டப்பாவிலிருந்து சின்னவரை எடுத்துவந்தாள். அவரிடம் காதோடு காதாக ஏதோ கேட்டாள். அவர் தலையை ஆட்டினார். தன் பூப்போட்ட கைக்குட்டையால் அவரைக் குளிராமல் போர்த்தி, பெட்டியின் மேல்பைக்குள் உட்காரவைத்தாள்.

"என்னம்மா பண்ணுத?" என்றான் ரெஜிஸ்.

"இவங்க கப்பலுக்குப் போறாங்க. இவங்களுக்குத்தான் போகத் தெரியும்." அவள் அவன் மூஞ்சியை நேரே பார்த்தாள். "நீங்க இருங்கப்பா."

ரெஜிஸ் வாயைத் திறந்தான். திறந்தபடியே நின்றுவிட்டான். டெல்பின் காத்திருந்தாள், பிள்ளை காத்திருந்தது, எதிர்வீட்டுக்காரர்களும் வாசலில் நின்று மரியாதையாகக் காத்திருந்தார்கள். அப்புறம் அவன் வாசற்படியில் உட்கார்ந்து, ஊர் பார்க்கிறதே என்ற வெட்கம் துளியும் இல்லாமல் பிள்ளையைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதான். அவள் நசுங்கிவிடவில்லை. அவனும் நசுங்கிவிடவில்லை.

"யாராவது ஒரு ரெஜிஸ் ஏறுங்கப்பா, கப்பல் போயிரும்," என்றார் டிரைவர். சின்னவரைப் பெட்டியோடு ஏற்றி, காருக்கு முன்னால் இருந்த மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் வசதியாக உட்காரவைத்துக்கொண்டார்.

துறைமுகத்தில் பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்தவர், போட்டோவையும் ஆளையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, இத்தனை வருஷ சர்வீஸில் போட்டோவுக்கு இவ்வளவு பொருத்தமாக ஒருத்தரும் வந்ததில்லை என்று சொல்லி முத்திரை குத்தினாராம். கப்பலிலும் ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லையாம், இன்ஜினுக்குள் கை நுழையாத இடத்துக்கெல்லாம் ஆளே நுழைந்துவிடுகிறான் என்று தலைமை இன்ஜினியருக்கு ஏகப்பட்ட சந்தோஷமாம். ரெஜிஸ் ஊரிலேயே ஒரு கொட்டகை போட்டு வள்ளங்களுக்கு இன்ஜின் ரிப்பேர் பார்க்க ஆரம்பித்தான். ஸ்பானர் எடுத்துக்கொடுக்க ஒரு ஆள் எப்போதும் பக்கத்திலேயே நின்றது, தப்பான ஸ்பானரையே எடுத்துக்கொடுத்தது.

இப்போதும் தினம் சாயங்காலம் செபமாலை முடிந்த கையோடு போன் அடிக்கும். திரை முழுக்க ஆரஞ்சு உடுப்பு, மஞ்சள் ஹெல்மெட், பின்னால் இன்ஜின் இரைச்சல்.

"ஹலோ, கேக்குதா? சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்."

"அம்மா எங்க?"

"அடுக்களையில."

"ஸ்கூலுக்குப் போனியா?"

"போனேன்."

இவ்வளவுதான் அவருக்குத் தெரிந்தது, இதோடு நின்றுவிடுவார் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். ஒருநாள் அவர் நிற்கவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, புதுசாக ஒன்று கேட்டார்.

"அப்பா எங்க?"

ஜோவினா போனைக் கீழே திருப்பி, கிரீஸ் படிந்த தலைமயிரும் ரெண்டு காதும் திரையில் தெரிகிற மாதிரி காட்டினாள்.

"இந்தா," என்றாள், "எனக்குக் கீழ."